ஆவடியிலிருந்து வந்த குதிரை டாக்டர்

1

இந்த ஊரில் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. கடிதத்தில் எழுதியபோது பூந்தமல்லியில் இருக்கும் என் தங்கை நம்பவில்லை. ஒரு பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டாள். கையடக்கப் புத்தகம். உள்ளே குதிரையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், எந்த இடத்தில் சுழி, எந்தக் காலில் வெள்ளை என்று காட்டும் படம். பின்பக்கங்களில் போட்ட தடுப்பூசிகளும் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும். என் பாஸ்போர்ட்டில் என் அத்தாவின் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைத் திருத்தச் சொல்லி இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். குதிரைகளுடையதில் நான் பார்த்தவரை தப்பு கிடையாது.

லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஒரு கிராமத்து லாயத்தில் நானும் என் கணவர் காதரும் வேலை செய்கிறோம். இருபத்திரண்டு குதிரைகள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை, இனிமேல் ஓடப்போகிறவை, ஓடாமலே ஓய்ந்தவை என்று மூன்று ஜாதி. இந்த மாதத்தோடு நானும் மகளும் வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடம் ஆனால் இங்கேயே தங்கிக்கொள்ள மனுப் போடலாம். மனுவில், இந்த நாட்டுக்கு வருமுன் செய்த தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அரை விரல் நீளக் கட்டம். இரண்டு நாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் மகள் ரெஹானா காகிதத்தைப் பிடுங்கி 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதினாள். கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் ரெஹானாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் நீரில் கால் வைக்கும் பூனை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைப்பாள். குதிரைகளிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறாள். நானும் காதரும் அதே குதிரைகளிடம் தமிழில் பேசுகிறோம். குதிரைகளுக்கு இதில் பிரச்சினை இல்லை.

பள்ளியில் ஒருநாள், உன் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவள், லாயத்தில் எல்லோரும் சொல்வதைப் போல, "தே ஆர் இன் ஹார்ஸஸ்" என்று சொல்லியிருக்கிறாள். இங்கே அப்படிச் சொன்னால் குதிரை வைத்திருக்கிற பெரிய குடும்பம் என்று அர்த்தமாம். அடுத்த வாரமே இரண்டு சிநேகிதிகள் எங்கள் மாளிகையைப் பார்க்க வந்தார்கள். இரண்டு அறை வீடு. நான் சமோசா பொரித்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் ரெஹானா யாரையும் கூட்டிவரவில்லை.

என் இங்கிலீஷும் அப்படித்தான். இங்கே குதிரை டாக்டர் தேடி வருவார். நாம் குதிரையைக் கொண்டுபோக வேண்டியதில்லை. எங்கள் லாயத்துக்கு வருபவர் மிஸ்டர் பெல். இங்கே கால்நடை டாக்டரை டாக்டர் என்று கூப்பிடக் கூடாது, மிஸ்டர்தான். ஏன் என்று கேட்டேன். எப்போதுமே அப்படித்தான் என்றார்கள். அவருடைய வேனின் பின்கதவைத் திறந்தால் ஒரு மருந்துக்கடை முழுதாக உள்ளே இருக்கும். வந்த புதிதில் ஒருநாள் ஒரு குதிரையைக் காட்டி, "இஸ் ஷீ சவுண்ட்?" என்றார். "நோ சவுண்ட் சார், வெரி கொயட்" என்றேன். சவுண்ட் என்றால் நொண்டாமல் நடக்கிற குதிரையாம். நோ என்று நான் சொன்னதால் அவர் நான்கு கால்களையும் அரை மணி நேரம் அழுத்திப் பார்த்தார். குதிரையும் ஆட்சேபிக்கவில்லை. கடைசியில், "மிகச் சிறிய குறையாக இருக்க வேண்டும்" என்றார்.

நான் வேலை பழகியது வேறொரு டாக்டரிடம். அவரிடம் வேன் இல்லை.

3

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் அத்தா தையற்காரர். எங்கள் வீட்டில் நான்கு காலில் நின்றது தையல் மெஷின் மட்டும்தான். காதர் வீட்டில் இரண்டு குதிரைகள். பாபு என்கிற செம்மண் நிறக் குதிரை பூந்தமல்லிக்கும் குமணன்சாவடிக்கும் இடையில் ஜட்கா இழுக்கும். சுல்தானா என்கிற வெள்ளைக் குதிரை கல்யாணங்களில் மாப்பிள்ளைகளைச் சுமக்கும். ஜட்காவில் ஏறுகிறவர்கள் அப்போதே குறைந்துவிட்டார்கள். மாப்பிள்ளைகள் குறையவில்லை. அதனால் சுல்தானாவுக்கு வீட்டில் மரியாதை அதிகம். எனக்குச் சோறு போடுமுன் அதற்குக் கொள்ளு போய்விடும்.

ஒருநாள் மத்தியானம் பாபு முன்காலால் தரையைப் பறித்தது. பிறகு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு படுத்துப் புரண்டது. உடம்பெல்லாம் வேர்வை. காதர் வைக்கோல் வாங்க வானகரம் போயிருந்தார். தெருவே கூடிவிட்டது. ஒருவர் இஞ்சிச் சாறு ஊற்றச் சொன்னார். ஒருவர் வயிற்றில் சூடு போட வேண்டும் என்று இரும்புக் கம்பி தேடினார். அடுத்த வீட்டு ஆட்டோக்கார துரைதான், குமணன்சாவடியில் ஒரு மாட்டைப் பார்க்க டாக்டர் வந்திருப்பதாகச் சொல்லிப் போய் அழைத்து வந்தார். துரையின் ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு மொபெட் வந்தது. அதிலிருந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் இறங்கினார். என் வயதுதான் இருக்கும்.

கம்பி தேடினவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா துரை, டாக்டர இட்டாரச் சொன்னா டீச்சரம்மாவ இட்னு வந்துகீற?"

அந்தப் பெண் பெட்டியைத் திறந்தபடியே, "மொதல்ல வயித்துல சத்தம் கேக்கான்னு காது வச்சுப் பாக்கணும். நீங்க ரெண்டு நிமிசம் பேசாம இருந்தா நல்லாக் கேக்கும்" என்றார். பேச்சில் திருநெல்வேலி வாடை. பிறகு, "யார் வீட்டுக் குதிரை இது?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரருதுங்க. அவரு இல்ல. அவரு வந்தாதான் இன்னா பண்றதுன்னு..." என்று இழுத்தேன்.

"வலி குதிரைக்குத்தான? அது இங்க இருக்குல்லா. தலைக்கயித்தப் பிடிங்கக்கா."

அதுவரை நான் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. பிடித்தேன். ஈறை விரலால் அழுத்தி நிறம் பார்த்தார். தாடைக்கடியில் விரல் வைத்து நாடி எண்ணினார். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையை முகர்ந்து பார்த்து, "நுரையீரலுக்கு இல்ல, வயித்துக்குத்தான் போயிருக்கு" என்றார். என் சமையலறைப் புனலை மூன்று தடவை கழுவச் சொல்லி, அதன் வழியாக எண்ணெய் மாதிரி ஒரு மருந்தை ஊற்றினார். ஓர் ஊசி போட்டார். பிறகு, "நடத்துங்க. படுக்க விடாதீங்க" என்றார். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நான் பாபுவை நடத்தினேன். கூட்டம் கலையவில்லை. வெயில் சாய்ந்த நேரத்தில் பாபு நின்றது, வாலைத் தூக்கியது, லத்தி போட்டது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து வைக்கோலோடு காதர் வந்து சேர்ந்தார். "இன்னாடா கூட்டம்?" என்றார்.

"உன் குதிர லத்தி போட்ச்சு அண்ணாத்தே" என்றார் துரை.

"அதுக்கா இத்தினி பேரு?"

4

டாக்டர் பெயர் செந்தாமரை. அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டரானவர், குவார்ட்டர்ஸில் வீடு. டாக்டருக்கு அரசாங்க மாட்டாஸ்பத்திரியில் வேலை. வெளியில் போய்ப் பார்க்கும் நாட்களில் மாடுகளோடு குதிரைகளையும் பார்ப்பார். பக்கத்தில் வேறு யாரும் குதிரையைத் தொடுவதில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பசு, எருமை, ஆடு, கோழி என்று நான்கு கட்டங்கள். குதிரைக்குக் கட்டம் கிடையாது. அதை 'இதர' என்பதில் எழுத வேண்டும். ஒரு மாதம் இதர நிறைய ஆகிவிட்டது. இதர என்றால் என்ன என்று மேலே இருந்து விளக்கம் கேட்டார்கள். குதிரை என்று எழுதினார். குதிரைக்குக் கட்டம் இல்லையே என்று திரும்பக் கேட்டார்கள்.

"நீங்க கயிறு பிடிச்சா குதிரை நிக்குதுக்கா. மத்தவங்க பிடிச்சா அவங்கதான் நிக்காங்க, குதிரை ஓடிருது. எனக்கு ஒரு ஆள் கூட இருந்தா நல்லது" என்றார் ஒருநாள்.

காதரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "போறதுன்னா போ. அடுத்தவன் குதிரையாண்ட ஒத வாங்கிகினு என்னாண்ட வராத" என்றார். அது சம்மதம்தான்.

அப்படித்தான் ஒன்றரை வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த மொபெட்டின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வானகரம், நூம்பல், வேலப்பன்சாவடி. செங்கல் சூளைக் குதிரைகள், மணல் வண்டிக் குதிரைகள், சும்மா வைத்திருக்கும் குதிரைகள். பெரும்பாலும் பெரிய நோய் எதுவும் இருக்காது. லாடம் தள்ளி அடித்ததால் சீழ் பிடித்த குளம்பு. சேணம் உராய்ந்த முதுகுப் புண். கூராகி நாக்கைக் கிழிக்கும் கடைவாய்ப் பல்; அதை நீளமான அரத்தால் தேய்க்க வேண்டும். குடற்புழு. டெட்டனஸ் ஊசி. காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரை வாலுக்கடியில் வைப்பார்கள். அது நழுவாமல் இருக்க நூல் கட்டி, நூலின் மறுமுனையைத் துணி காயப்போடும் கிளிப்பால் வாலோடு பிடித்துவைப்போம். கிளிப் என் யோசனை. ஒரு தெர்மாமீட்டர் உள்ளே போய்விட்ட பிறகு வந்த யோசனை. அது மறுநாள் தானாக வெளியே வந்தது. டாக்டர் கழுவி உதறிப் பார்த்து, "வேலை செய்யிதுக்கா" என்றார்.

எல்லாரும் என்னைக் கம்பவுண்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மறுக்கவில்லை.

5

போன குளிர்காலத்தில் இங்கே டச்சஸ் என்ற கிழட்டுக் குதிரைக்கு வயிற்று வலி வந்தது. அது லாய முதலாளியின் சொந்தக் குதிரை. காலையிலேயே வந்துவிட்ட மிஸ்டர் பெல் குழாய் விட்டார், ஊசி போட்டார், பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா அழுதுகொண்டு வெளியே போய்விட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரெஹானா பக்கெட்டோடு நின்றாள். மிஸ்டர் பெல் என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஐ திங்க் இட்ஸ் கைண்டர் டு புட் ஹெர் டு ஸ்லீப்" என்றார்.

"எஸ், எஸ், ப்ளீஸ்" என்றேன். "நோ ஸ்லீப் சின்ஸ் எஸ்டர்டே. வெரி டயர்ட்."

அவர் என்னையே பார்த்தார். ரெஹானா பக்கெட்டைக் கீழே வைத்தாள். "அம்மா. தூங்க இல்ல. கொல்ல. அவர் கொல்ல சொல்றார்."

நாலைந்து மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் முழுதாகத் தமிழில் பேசியது அன்றைக்குத்தான்.

மிஸ்டர் பெல் வெளியே போய் முதலாளியம்மாவின் சம்மதத்தை வாங்கி வந்து ஊசி போட்டார். டச்சஸ் முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, போய்விட்டது. சுத்தமாக முடிந்தது. நான் கயிற்றைக் கழற்றிச் சுருட்டினேன். "யூ ஹேவ் டன் திஸ் பிஃபோர்" என்றார் அவர். ஆமாம் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

6

ரெஹானாவுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. சுல்தானாவின் வயிற்றுக்கடியில் போய் நின்றுகொள்வாள். அதுவும் காலை அசைக்காமல் நிற்கும். ஒரு திங்கட்கிழமை, சுல்தானாவின் இடது மூக்கில் மட்டும் பசை மாதிரி ஒழுகியதைப் பார்த்தேன். தாடைக்கடியில் கட்டி. தொட்டால் வலி இல்லை, நகரவும் இல்லை. சளிக் கட்டி என்றால் சூடாக இருக்கும், வலிக்கும். பின்னங்காலின் உள்பக்கம் கையை ஓட்டினேன். மணி கோத்த மாதிரி வரிசையாக முடிச்சுகள்.

டாக்டருக்குச் சொல்லியனுப்பினேன். அன்று சாயங்காலமே வந்தார். கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார். வழக்கமாகக் கையுறை போடமாட்டார். பார்த்து முடித்துவிட்டு, "பாப்பா எங்கக்கா?" என்றார்.

"தோ, உள்ள வெளாடிகினு கீது."

"இன்னியிலருந்து இந்தப் பக்கம் விடாதீங்க."

காதரை உட்காரவைத்துப் பேசினார். கிளாண்டர்ஸ் என்று ஒரு வியாதி இருக்கிறது. அதுதான் என்று அவர் சொல்லவில்லை, அதுவாக இருக்கலாம். மனிதர்களுக்கும் ஒட்டும், ஒட்டினால் பிழைப்பது கஷ்டம். கீழ் இமையில் ஒரு ஊசி போட வேண்டும். இரண்டு நாளில் இமை வீங்கிச் சீழ் கட்டினால் நோய் இருக்கிறது. இருந்தால் மருந்து கிடையாது. சட்டப்படி குதிரையைச் சுட்டுப் புதைக்க வேண்டும்.

காதர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கெழம ஒரு நிக்காஹ் கீது. தோல் வியாபாரி ஊடு. வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

"பாய், மாப்பிள்ளை மூக்குக்கு நேரா அது மூக்கு ஒழுகும்."

"தொடச்சி வுட்டா தெரியாது."

காதர் எழுந்து, "ஊசி வோணாம். குதிரைக்குச் சளி. அவ்ளோதான். நா நூம்பல்ல என் அண்ணன் ஊட்ல ஒரு மாசம் கட்டிவுட்டா சரியாயிடும்" என்றார். அங்கே மூன்று குதிரைகளும் ஐந்து பிள்ளைகளும் இருந்தன. சனிக்கிழமை காலை ஓட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹுக்கு அங்கிருந்தே கொண்டுபோவதாக முடிவு செய்தார். காதர் கெட்டவர் இல்லை. அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவர். அதன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். என் பெயருக்கு மாறாது.

வியாழக்கிழமை துரையிடம் ஒரு சீட்டு கொடுத்து ஆவடிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் காதர் போய்விடுவார், ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம் அது. பாப்பாவைத் தங்கை வீட்டில் விட்டேன்.

காதர் தொப்பி போட்டுக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். நான் தலையைப் பிடித்தேன். சுல்தானா எங்கள் இருவரையும் நன்றாகத் தெரிந்த குதிரை. இமையைக் கீழே இழுத்தபோதும் நின்றது. சின்ன ஊசி. ஒரு சொட்டு மருந்து. "அக்கா, வீங்கிச்சுன்னா நான் எழுதித்தான் ஆவணும். மறைக்க முடியாது. இப்பவே சொல்லிருதேன்" என்றார்.

"தெரியும். அதுக்குத்தான கூப்டேன்."

காதர் திரும்பி வந்ததும் சொன்னேன். "ஊசி போட்டாச்சு." அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பாபுவுக்குத் தண்ணீர் வைத்தார். மறுநாள் காலை சுல்தானாவை நூம்பலுக்கு ஓட்டிப்போகவில்லை.

சனிக்கிழமை இமை லேசாக உப்பியிருந்தது. ஊசி குத்தினால் எந்த இமையும் உப்பும். காதர் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கண் முழுதாக மூடிக்கொண்டு, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் வடிந்தது. டாக்டர் வருமுன்பே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் தோல் வியாபாரி வீட்டு மாப்பிள்ளை அம்பாசிடர் காரில் போனார். நன்றாகத்தான் இருந்தது என்று துரை வந்து சொன்னார்.

7

ஃபாரம் வந்தது. நோயுற்ற விலங்கு என்ன என்ற இடத்தில் டாக்டர் 'இதர' என்று எழுதி, அடித்துவிட்டு, குதிரை என்று எழுதினார்.

நான்காம் நாள் காலை ஊருக்கு வெளியே புறம்போக்கில் ஆள் ஆழத்துக்கு மேல் குழி வெட்டினார்கள். துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரை அனுப்பியிருந்தார்கள். அவர் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், நா குதிரையச் சுட்டதேயில்ல. நாயத்தான் ரெண்டு தபா. எங்க சுடணும்?" என்று கேட்டார். டாக்டர் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார். வலது கண்ணிலிருந்து இடது காதுக்கு ஒரு கோடு, இடது கண்ணிலிருந்து வலது காதுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தைக் காட்டினார். வெள்ளை நெற்றியில் வெள்ளைச் சாக்பீஸ் சரியாகத் தெரியவில்லை. போலீஸ்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார். நான் குழியில் கொட்ட வைத்திருந்த சுண்ணாம்புக் கூடையில் கரி கிடந்ததைப் பொறுக்கி, கோடுகளின் மேல் இழுத்தேன்.

கயிற்றைப் பிடிக்க நான் போனேன். காதர் என்னைத் தள்ளிவிட்டு அவரே பிடித்தார். அதன் காதில் ஏதோ சொன்னார். ஒரே வெடி. சுல்தானா சத்தமில்லாமல் விழுந்தது. மனிதர் இறந்தால் நாங்கள் சொல்லும் வாக்கியத்தைக் காதர் சொன்னார். மண்வெட்டிக்காரர்களில் ஒருவர், "குதிரைக்குமா பாய்?" என்றார்.

பிறகு எங்கள் மூவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பாப்பாவைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. பாபுவுக்கு இரண்டு தடவை இமையில் ஊசி போட்டார்கள், வீங்கவில்லை. ஆனால் அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு ஓட்டினாலும் யாரும் ஏறவில்லை. 'சீக்குக் குதிரை பாய்' என்று பெயராகிவிட்டது.

காதர் நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். உப்பு குறைந்திருந்தால் எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். நாற்பத்தொன்றாம் நாள், "குடை எங்க கீது?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

8

மறு வருடம் துபாயில் குதிரை லாயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அனுபவச் சான்று கேட்டார்கள். ஜட்கா ஓட்டியவருக்கு யார் சான்று கொடுப்பார்கள்? டாக்டரிடம் நான்தான் போனேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். என்ன எழுதியிருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியவில்லை. படித்தவர்கள் காதரை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முதலாளிக்கு இங்கிலாந்தில் இந்த லாயத்திலும் சில குதிரைகள் இருந்தன. கோடையில் அவற்றோடு காதரையும் அனுப்பினார்கள். சில வருடங்களில் இந்த லாயத்தாரே அவரை வைத்துக்கொண்டார்கள். பிறகு எங்களை வரவழைத்தார். அதற்கு முன்பே டாக்டர் கல்யாணமாகித் தர்மபுரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். இரண்டு கடிதம் போட்டார். இரண்டிலும் எல்லோரையும் விசாரித்துவிட்டு, பாபுவின் குளம்பை மாதம் ஒருமுறை சீவச் சொல்லியிருந்தார். பாபுவை அப்போது துரையின் மச்சான் வாங்கியிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

9

போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். லாயம் கைமாறியிருக்கிறது. புது முதலாளி எல்லோருடைய பழைய காகிதங்களையும் கேட்டார். காதர் தன் உறையைக் கொண்டுவந்து அலுவலக மேஜையில் வைத்தார். குதிரைகளுக்கு ஊசி போட வந்த மிஸ்டர் பெல் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். கால்நடை டாக்டர் எழுதிய கடிதம் என்றதும் ஆர்வமாக எடுத்து, புது முதலாளிக்காக உரக்கப் படித்தார். பள்ளி விட்டு வந்திருந்த ரெஹானா எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கூர்மையான கண் உள்ளவர். பொறுமையானவர். அப்புறம் இது: தன் சொந்தக் குதிரையிடம் நோயின் அறிகுறிகளைக் கண்டதும், இழப்பைப் பொருட்படுத்தாமல், தாமே எனக்குச் சொல்லியனுப்பிச் சோதனைக்கு நிறுத்தினார். இப்படிப்பட்ட நேர்மையை என் பணியில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

"ரிமார்க்கபிள்" என்றார் மிஸ்டர் பெல்.

காதருக்கு இத்தனை வருடத்தில் காதால் கேட்டு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். "நோ" என்றார். "ராங்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நாட் மீ. ஹெர்." என் பக்கம் விரலைக் காட்டினார். "ஐ ஸே நோ இன்ஜெக்ஷன். ஷீ ஸே எஸ். ஷீ ஹோல்ட் த ஹார்ஸ்."

ரெஹானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. "வென்?" என்றாள். பிறகு, "எப்போ?" என்றாள். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது என்றேன். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். தெரியாத இடங்களில் நிறுத்தி, தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள்.

வேலை முடிந்து நானும் காதரும் வீட்டுக்கு நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. இங்கே அதற்கு யாரும் நிற்பதில்லை.

"இன்னாத்துக்கு அத்தச் சொன்னீங்க? புது மொதலாளி இன்னா நெனைப்பாரு?"

"பெல் படிச்சாரு. கேக்கறதுக்கு நல்லா இல்ல" என்றார். பிறகு, "அன்னிக்கு ஜும்மாவுக்குப் போறப்போ டாக்டரம்மாவப் பாத்தேன்" என்றார்.

"எங்க?"

"மார்க்கெட் முனைல. புளியமரத்தாண்ட நின்னுகினு இருந்திச்சு. நா தாண்டிப் போறவரைக்கும் அந்தாண்ட திரும்பிகினு இருந்திச்சு."

நான் நின்றுவிட்டேன். "எங்க போறாங்கன்னு தெரிஞ்சுதா?"

"தெரியாம இன்னா."

"அப்ப ஏன் திரும்பி வரல?"

"வந்தா வோணாம்னு சொல்லணுமே" என்றார்.

பன்னிரண்டு வருடமாக நான் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வேளையாவது அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எத்தனை வேளை என்று கணக்குப் போட்டால் கோபம் வரும், போடவில்லை.

"அப்பறம் இன்னாத்துக்கு நாப்பது நாளு எங்கிட்ட பேசாம இருந்தீங்க?"

காதர் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினார்.

"கோவம் உம்மேலன்னு யாரு சொன்னா?" என்றார்.